எலி ஆறும் அதற்குத் தண்ணீர் தராத நிலமும்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், வேபர்ன் நகரத்துக்கு வடமேற்கே யெல்லோ கிராஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதையொட்டிய சதுப்பு நிலத்தில்தான் சூரிஸ் ஆறு தொடங்குவதாக வரைபடங்கள் காட்டுகின்றன. அங்கே மலையோ ஊற்றோ சுனையோ கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் கோதுமையும் கனோலா என்ற எண்ணெய்வித்தும் விளையும் தட்டையான வயல்கள். நடுநடுவே கோரையும் சம்பும் மண்டிய பள்ளங்கள். ஏப்ரலில் பனி உருகும்போது அந்தப் பள்ளங்களில் நிற்கும் நீர் மெல்லத் தென்கிழக்காக நகரத் தொடங்குகிறது. அந்த நகர்வுக்குத்தான் ஆறு என்று பெயர்.

பிரெஞ்சு மொழியில் சூரிஸ் என்றால் எலி. எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், மக்கள் இதை ஆங்கிலத்தில் எலி ஆறு என்றே அழைக்கிறார்கள். ஓர் ஆற்றுக்கு இரண்டு நாடுகளில் இரண்டு பெயர்கள், இரண்டுக்கும் ஒரே பொருள். நீளம் சுமார் 700 கிலோமீட்டர். அதன் வடிநிலமாக வரைபடத்தில் கோடிட்டுக் காட்டப்படும் பரப்பு ஏறக்குறைய 61,000 சதுர கிலோமீட்டர். இவ்வளவு நிலத்தின் நீரைச் சேர்த்துக்கொண்டு வரும் ஆறு பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் பல ஆண்டுகளின் ஆகஸ்ட் மாதத்தில் இதைக் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு கடந்துவிடலாம். 1930களின் பெரும் வறட்சியில் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரத்தில் இந்த ஆறு ஓடாமலே கிடந்த நாட்கள் ஏராளம். அதே மைனாட்டில் 2011 ஜூனில் வினாடிக்கு 27,400 கன அடி நீர் பாய்ந்து நகரத்தின் நடுப்பகுதியையே மூழ்கடித்தது.

இந்த முரணுக்கு வானிலையை மட்டும் காரணம் சொன்னால் பாதிதான் புரியும். மீதிப் பாதி நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. இந்த ஆற்றின் கதையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் அதுதான்.

மைனாட்டுக்கு மேலே உள்ள வடிநிலம் சுமார் 10,600 சதுர மைல். அதில் சுமார் 6,700 சதுர மைல் நிலம் ஆற்றுக்கு நீர் தருவதில்லை என்று அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை தன் பதிவுகளில் குறிப்பிடுகிறது. பத்தில் ஆறு பங்குக்கும் மேல்! சாதாரண ஆண்டுகளில் அங்கே பெய்யும் மழையில் ஒரு துளிகூட ஆற்றுக்கு வந்து சேராது. தண்ணீர் வழிந்தோடி ஆற்றைச் சேரும் நிலம்தான் வடிநிலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். பிரெய்ரி எனப்படும் இந்தப் புல்வெளிச் சமவெளியில் அந்த விளக்கம் தடுமாறிப்போகிறது.

காரணம், குட்டைகள். கடைசிப் பனியுகத்தில் இந்தச் சமவெளி முழுவதையும் மாபெரும் பனிப்பாளம் மூடியிருந்தது. அது உருகிப் பின்வாங்கியபோது தான் சுமந்துவந்த களிமண்ணையும் கூழாங்கல்லையும் பாறைத்துண்டுகளையும் ஒழுங்கில்லாமல் கொட்டிவிட்டுப் போனது. அந்தக் குவியலுக்குள் புதைந்துகிடந்த பனிக்கட்டிகள் பின்னர் கரைய, மேலே இருந்த மண் உள்வாங்கிப் பள்ளமானது. இப்படி உருவான குழிகள் இந்தச் சமவெளியில் இலட்சக்கணக்கில் உள்ளன. கனடாவின் உழவர்கள் இவற்றை ஸ்லூ என்கிறார்கள். சில ஒரு வீட்டு முற்றத்தின் அளவு, சில ஒரு கிராமத்தின் அளவு. மழை குறைந்த இந்த நாட்டில், பனியுகம் முடிந்து பத்தாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும், இந்தக் குழிகளை எல்லாம் ஓடைகளால் கோத்து இணைக்கும் அளவுக்குத் தண்ணீர் ஓடவில்லை. அதனால் அவை இன்னும் தனித்தனியாகவே கிடக்கின்றன.

ஒரு குட்டையின் ஓராண்டைக் கவனித்தால் இந்த நிலத்தின் கணக்கு முழுவதும் விளங்கிவிடும். மார்ச் இறுதி. காற்று வயல்வெளியின் பனியை எல்லாம் துடைத்தெடுத்துவந்து குட்டையைச் சுற்றியுள்ள வில்லோ புதர்களில் குவித்து வைத்திருக்கிறது. ஏப்ரல் வெயிலில் அது உருகுகிறது. அடியில் மண் இன்னும் உறைந்து கல்லாகக் கிடப்பதால் நீர் உள்ளே இறங்க வழியில்லை, சரிந்து குட்டைக்குள் ஓடுகிறது. இரண்டு வாரத்தில் குட்டை நிரம்பிவிடும். ஊசிவால் வாத்துகளும் காட்டு வாத்துகளும் வந்து இறங்கும். வட அமெரிக்காவின் வாத்துகளில் பெரும்பங்கு இந்தக் குட்டைகளில்தான் குஞ்சு பொரிக்கிறது. ஜூலையில் நீர் சுருங்கி, சுற்றிலும் ஈரச் சேறும் புல்லும் வளையம் வளையமாகத் தெரியும். செப்டம்பரில் பல குட்டைகளின் நடுவில் வெள்ளை உப்புப் படிவம் மட்டும் மிஞ்சியிருக்கும். இங்கே ஆண்டுக்குப் பெய்வது 400 முதல் 450 மில்லிமீட்டர். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகிப் போகக்கூடியது அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆக, குட்டைக்கு வந்த நீர் வானத்துக்கே திரும்பிவிடுகிறது, கொஞ்சம் நிலத்தடிக்கும் இறங்குகிறது. ஆற்றுக்கு எதுவும் இல்லை.

ஆனால் தொடர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் மழை மிகுந்தால்? குட்டை விளிம்புவரை நிரம்பி, மிகத் தாழ்ந்த கரை வழியாக மறுகால் பாய்கிறது. அந்த நீர் அடுத்த குட்டையை நிரப்புகிறது, அது அதற்கடுத்ததை. ஏரிப்பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே வேறுபாடு, இங்கே கலிங்கைக் கட்டியவர் யாரும் இல்லை. தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றோடொன்று கைகோத்துக் கடைசியில் ஆற்றைத் தொட்டுவிடும்போது, நேற்றுவரை ஆற்றோடு உறவே இல்லாதிருந்த ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் நிலம் அதன் வடிநிலமாகிவிடுகிறது. ஆறு நீளவில்லை, ஆனால் அதன் நாடு பெருத்துவிட்டது. கனடாவின் நீரியல் அறிஞர்கள் இதனால்தான் இரண்டு வடிநிலங்களைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். ஒன்று, சுற்றியுள்ள மேடுகளை எல்லையாக வைத்து வரையப்படும் மொத்த வடிநிலம். மற்றொன்று, சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு உண்மையிலேயே நீர் தரும் பகுதி.

இனி ஆற்றின் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். மைனாட்டில் நின்று பார்க்கிறவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஆறு சில பத்து மீட்டர் அகலந்தான், வளைந்து வளைந்து சோம்பலாகப் போகிறது. அது கிடக்கும் பள்ளத்தாக்கோ ஏறக்குறைய ஒரு மைல் அகலமும் செங்குத்தான ஓரங்களும் கொண்டது. அப்பன் சட்டையைப் பிள்ளை மாட்டிக்கொண்டதுபோல இருக்கும்.

அந்தப் பள்ளத்தாக்கை வெட்டியது இந்த ஆறு அல்ல. பனிப்பாளம் வடக்கே பின்வாங்கியபோது உருகிய நீர் அதன் முன்விளிம்புக்கும் தெற்கிலிருந்த மேட்டுக்கும் இடையில் தேங்கிப் பெரும் ஏரிகளாக நின்றது. இன்றைய ரெஜைனா நகரம் இருக்கும் இடத்தில் ஒன்று, வடக்கு டகோட்டாவின் வடபகுதியில் ஒன்று. முதலாவதை ரெஜைனா ஏரி என்றும் இரண்டாவதைச் சூரிஸ் ஏரி என்றும் நிலவியலாளர்கள் அழைக்கிறார்கள். ரெஜைனா ஏரி உடைப்பெடுத்தபோது அதன் நீர் முழுவதும் தென்கிழக்கே பாய்ந்து சூரிஸ் ஏரியில் விழுந்தது. அந்தப் பெருவெள்ளம் அறுத்த தடந்தான் இன்று எலி ஆறு படுத்திருக்கும் பள்ளத்தாக்கு. நிலவியலின் கால அளவில் அது கண்மூடித் திறக்கும் நேரத்தில் நடந்த வேலை. ஆற்றங்கரையில் இன்று காணும் சரிவுகளை அந்த ஒரே வெள்ளத்தின் தழும்பு என்று எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அந்தத் தடத்தின் வழியே ஆறு எல்லையைக் கடந்து தெற்கே இறங்குகிறது. எஸ்டெவன் நகரத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களைத் தாண்டி, ஷெர்வுட் என்ற ஊரின் மேற்கே வடக்கு டகோட்டாவுக்குள் நுழைகிறது. பர்லிங்டன் ஊரில் டே லாக் ஆறு வந்து சேர்கிறது. மைனாட்டைக் கடந்து வெல்வா வரை தென்கிழக்காகப் போய், அங்கிருந்து திரும்பி டவ்னர் ஊர் வழியாக வடக்கே ஏறுகிறது. இந்த வளைவு குதிரை லாடம் போன்றது. வெஸ்ட்ஹோப் அருகே மீண்டும் எல்லையைத் தாண்டி மானிடோபா மாகாணத்துக்குள் போய்விடுகிறது. கனடாவில் பிறந்து, அமெரிக்காவுக்குப் போய், கனடாவுக்கே திரும்புகிற ஆறு.

எதற்காக இப்படி ஒரு வளைவு? தெற்கே மிசௌரி கோட்டோ என்ற மேட்டுநிலம் மறித்து நிற்கிறது. அந்த மேட்டுக்கு அப்பால் விழும் மழை மிசௌரி ஆற்றின் வழியே மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். இப்பால் விழுவது சூரிஸ், அசினிபோயின், சிவப்பாறு, வினிபெக் ஏரி, நெல்சன் ஆறு என்று கைமாறிக் கைமாறி ஹட்சன் வளைகுடாவுக்குப் போகும். ஒரு கண்டத்தின் நீரையே பிரிக்கும் மேடு அது. ஆனால் நேரில் பார்த்தால் மாடுகள் மேயும் சாதாரணக் குன்றுகள்.

அந்த மேட்டைக் கடக்க மனிதர்களுக்கு மட்டும் தடையேதும் இருந்ததில்லை. நகோடா, டகோட்டா, கிரீ மக்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு காலங்காலமாக வழித்தடம். மரமற்ற சமவெளியில் விறகும் காற்றுமறைவும் கிடைக்கும் இடம் ஆற்றோரம் மட்டுமே. 1797 நவம்பர் இறுதியில், சூரிஸ் அசினிபோயினோடு கலக்கும் இடத்தருகே இருந்த தோல் வணிக நிலையத்திலிருந்து நில அளவையாளர் டேவிட் தாம்சன் புறப்பட்டார். எலும்பை உறைய வைக்கும் குளிரில் சமவெளியைக் கடந்து மிசௌரிக் கரையிலிருந்த மாண்டன் மக்களின் ஊர்களை அடைந்தார். வடக்கு டகோட்டாவில் வெரண்ட்ரை என்ற இடத்தில் ஆற்றைப் பார்த்தபடி அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. 1925இல் ரயில்வே நிறுவனம் ஒன்று வைத்த பெரிய கிரானைட் உருண்டை அது. அந்த ஊரில் இப்போது குடியிருப்பவர் யாருமில்லை. உருண்டை மட்டும் இருக்கிறது.

டவ்னருக்கு வடக்கே ஆறு பழைய சூரிஸ் ஏரியின் தரைமேல் ஓடுகிறது. ஏரியின் தரை என்பதால் மேசைபோலத் தட்டை. அங்கே ஆற்றின் சரிவு மைலுக்கு ஓர் அடிகூட இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தயங்கி, வயல்களில் பரவி, வாரக்கணக்கில் நிற்கும். உழவர்களுக்கு இது பெரிய தொல்லை, பறவைகளுக்குச் சொர்க்கம். வறட்சியும் புழுதிப் புயலும் வாட்டிய 1930களில் வாத்துகளின் எண்ணிக்கை சரிந்தபோது, அமெரிக்க அரசு இந்த ஆற்றோரம் இரண்டு பெரிய பறவைக் காப்பகங்களை ஏற்படுத்தியது. வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அணைகளும் கரைகளும் கட்டப்பட்டன. மைனாட்டுக்கு மேலே உள்ள டார்லிங் ஏரி 1936இல் அப்படி உருவான நீர்த்தேக்கம். கேலிச்சித்திரக்காரராக இருந்து வனவிலங்குத் துறைத் தலைவரான டார்லிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மானிடோபாவுக்குள் நுழைந்து மெலிட்டாவையும் சூரிஸ் என்ற ஊரையும் கடந்ததும் ஆற்றின் குணமே மாறிவிடுகிறது. ஊருக்குக் கீழே ஒரு கூர்மையான முழங்கைத் திருப்பம். முழங்கை என்றே அந்த இடத்துக்குப் பெயர். அதுவரை தென்கிழக்கே வந்த ஆறு சட்டென வடகிழக்கே மடங்குகிறது. மடங்காமல் நேரே போயிருந்தால் பெம்பினா ஆற்றின் பள்ளத்தாக்கில் சேர்ந்திருக்கும். ஒரு காலத்தில் அப்படித்தான் போயிற்று. சூரிஸ் ஏரியின் நீர் அந்த வழியேதான் கிழக்கே இருந்த அகாசிஸ் என்ற பேரேரிக்கு வடிந்தது. பின்னர் அசினிபோயின் பக்கமிருந்து பின்னோக்கி அரித்துக்கொண்டே வந்த ஓர் ஓடை சூரிஸை நடுவழியில் மறித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. பழைய வழி இன்றும் ஆறில்லாத அகன்ற பள்ளத்தாக்காகக் கிழக்கே நீண்டு கிடக்கிறது. புதிய வழியில் ஆறு ஆழமாக அறுத்துக்கொண்டு வாவனீசா ஊரைச் சுற்றி, ட்ரீஸ்பேங்க் அருகே அசினிபோயினில் கலக்கிறது.

இரு நாடுகள், மூன்று ஆட்சிகள், ஒரே சிற்றாறு. பங்கீடு இல்லாமல் முடியுமா? 1959இலிருந்து இடைக்கால ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருக்கிறது. ஷெர்வுட் எல்லையில் இயற்கையாக வரவேண்டிய நீரில் பாதியைச் சஸ்காட்சுவான் வைத்துக்கொள்ளலாம், மீதியை விட வேண்டும். வடக்கு டகோட்டா தன் பங்குக்கு, ஜூன் முதல் அக்டோபர் வரை மானிடோபாவுக்கு வினாடிக்கு 20 கன அடியாவது அனுப்ப வேண்டும். கடும் வறட்சியில் மட்டும் விலக்கு. வெறும் இருபது கன அடிக்கு ஒரு பன்னாட்டு ஏற்பாடு என்பதிலிருந்தே இந்த ஆற்றில் கோடையில் எவ்வளவு ஓடுகிறது என்பது தெரியும்.

1989இல் இரு நாடுகளும் இன்னொரு உடன்பாட்டில் கையெழுத்திட்டன. எஸ்டெவனுக்குச் சற்று மேலே ராஃபர்ட்டி அணையும், மூஸ் மவுண்டன் ஓடையில் அலமீடா அணையும் கட்டப்படும். மைனாட்டை வெள்ளத்திலிருந்து காப்பதற்காக அமெரிக்கா செலவில் ஒரு பகுதியை ஏற்கும். அணைகளுக்கு எதிர்ப்பு கடுமையாக இருந்தது. அதே ஆண்டில் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வு விதிகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி அணைக்கான உரிமத்தை இரத்து செய்தது. கனடாவின் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை. ஆனாலும் கட்டுமானம் கைவிடப்படவில்லை. 1990களின் முற்பகுதியில் அணைகள் முடிந்தன. ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடக்கிற ஆற்றில் ராஃபர்ட்டி நீர்த்தேக்கம் என்றைக்குமே நிரம்பாது என்றவர்கள் அன்று பலர் இருந்தார்கள்.

2010 இலையுதிர்காலம் வழக்கத்தைவிட ஈரமாக இருந்தது. மண் தண்ணீர் குடித்துத் திணறிய நிலையிலேயே உறைந்துபோனது. அதன்மேல் கனத்த பனி. 2011 வசந்தத்தில் அது உருகியதும் குட்டைகள் எல்லாம் விளிம்பு தட்டின, நீர்த்தேக்கங்களும் நிரம்பி நின்றன. ஜூன் நடுவில் மேல் வடிநிலத்தில் கனமழை கொட்டியது. அந்த மழை வேறொரு ஆண்டில் பெய்திருந்தால் பெரும்பகுதி குட்டைகளிலேயே அடங்கியிருக்கும். அந்த ஆண்டில் அடங்குவதற்கு இடமில்லை. நீர் தராத நிலம் என்று எழுதிவைக்கப்பட்டிருந்த நிலமும் நீர் தந்தது. அணைகளால் வெள்ளத்தின் வரவைத் தள்ளிப்போட முடிந்ததே தவிர, தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மைனாட் நகருக்குள் ஆற்றின் தடமும் மண்கரைகளும் வினாடிக்கு 5,000 கன அடி நீருக்காக அமைக்கப்பட்டவை. ஜூன் 22 அன்று சங்கு ஒலித்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். நான்கு நாட்களில் வெள்ளம் உச்சத்தைத் தொட்டது. 1881இன் பழைய உச்சத்தைவிட மூன்று அடிக்கும் மேல். 1881இல் மைனாட் என்ற ஊரே கிடையாது, 1886இல் ரயில் பாதை வந்த பிறகுதான் ஊர் எழுந்தது. அதாவது, அந்தப் பழைய வெள்ளம் வந்தபோது பள்ளத்தாக்கின் தரையில் மூழ்குவதற்கு வீடுகள் இல்லை. 2011இல் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன. நீர் வடியப் பல நாட்கள் ஆயின. மானிடோபாவின் சூரிஸ் ஊரில் ஆற்றின் குறுக்கே 1904 முதல் தொங்கும் நடைபாலம் ஒன்று இருந்தது. நீளம் 177 மீட்டர், நடந்தால் ஊஞ்சலாடும். ஊரின் அடையாளமே அதுதான். வெள்ளம் ஏறி வந்தபோது கரைகளுக்கு ஆபத்தாகிவிடும் என்று அஞ்சிப் பாலத்தின் கம்பிவடங்களை ஊராரே அறுத்துவிட வேண்டியதாயிற்று. 2013இல் புதிய பாலம் கட்டினார்கள்.

மைனாட் இப்போது 27,400 கன அடியையும் தாங்கும்படி மண்கரைகளையும் சுவர்களையும் கட்டிவருகிறது. அது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பேச்சு முழுவதும் சுவரின் உயரத்தைப் பற்றியே இருப்பதுதான் வருத்தம். ஆற்றின் அளவைத் தீர்மானிக்கும் இடம் நகரத்தில் இல்லை, நூறு மைல் தள்ளி ஒரு கோதுமை வயலின் நடுவில் இருக்கிறது.

அந்த வயலின் உழவருக்குக் குட்டை ஓர் இடைஞ்சல். விதைக்கும் இயந்திரம் அதைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். எரிபொருளும் விதையும் உரமும் வீண். வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டால் சில ஏக்கர் கூடுதலாகக் கிடைக்கும். கடன் வாங்கிப் பயிர் செய்கிறவருக்கு அந்தச் சில ஏக்கர் சிறிய விஷயமில்லை, அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வடித்துவிட்ட ஒவ்வொரு குட்டையும் ஆற்றோடு நிரந்தரமாக இணைக்கப்பட்ட நிலம். மழை மிகுந்த ஆண்டில் மட்டும் நேர வேண்டியது இனி ஒவ்வோர் ஆண்டும் நேரும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அசினிபோயின் வடிநிலத்தில், மானிடோபா எல்லையருகே ஓடும் ஸ்மித் ஓடையைச் சஸ்காட்சுவான் பல்கலைக்கழக நீரியலாளர்கள் கணினி மாதிரியில் வைத்து ஆராய்ந்தார்கள். எஞ்சியிருக்கும் குட்டைகளையும் வடித்துவிட்டால் 2011 வெள்ளத்தின் உச்சம் அங்கே 78 சதவீதம் உயர்ந்திருக்கும். 1958இல் இருந்த அளவுக்குக் குட்டைகளை மீட்டிருந்தால் 32 சதவீதம் குறைந்திருக்கும். 2011 போன்ற பெருவெள்ளத்தில் குட்டைகள் எப்படியும் நிரம்பிவிடும், அவற்றால் பயனில்லை என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை.

சஸ்காட்சுவானின் கிராமச் சாலைகள் ஒன்றிரண்டு மைலுக்கு ஒன்றாக நேர்க்கோட்டில், சரளைக்கல் மேடாக ஓடுகின்றன. சாலை மேடே சிறிய அணைபோல நீரைத் தடுக்கும். அதன் அடியில் ஆங்காங்கே நெளிவிரும்புக் குழாய்கள் பதித்திருப்பார்கள். ஏப்ரலில் அந்தக் குழாய்களுக்குள் பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கக் குட்டையில் வாத்துகள் மிதந்துகொண்டிருக்க, மறுபக்கப் பள்ளம் இன்னும் காய்ந்து கிடக்கும். ஒரு வெயில் நாளில் கட்டி இளகிக் குழாய் திறந்ததும் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கும். சாலைக்கு மேற்கே உள்ள நிலம் சூரிஸ் ஆற்றைச் சேர்ந்ததா இல்லையா என்பது அன்றைக்கு மாறிவிடுகிறது.